அண்ணாவின் எட்டு

மஸ்கி என்கிற மீனைப் பிடிக்க வேண்டுமென்றால் கடைசியில் எட்டுப் போட வேண்டும் என்று என் அண்ணா ராஜரத்தினம் எனக்குக் குறைந்தது முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். அவர் இருந்தது கனடாவில், ஸ்காபரோவில். நான் இருப்பது சிட்னியில். இந்த நாட்டில் மஸ்கி என்று ஒரு மீனே கிடையாது. அதைச் சொன்னால் மனுசனுக்கு ஏறாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் இன்னொரு வொய்ஸ் மெசேஜ் வந்து விழும், மூன்று நிமிடம் நாற்பது செக்கன்.

எட்டு என்றால் இதுதான். ஆற்றிலோ குளத்திலோ நாங்கள் எறிகிற தூண்டிலின் நுனியில் லூர் என்று ஒரு பொய்மீன் இருக்கும். அதைச் சுற்றி இழுத்துக்கொண்டு வருவோம். காலடிக்கு வந்ததும் எல்லோரும் செய்வது தூக்கி மறுபடி எறிவது. அண்ணா அப்படிச் செய்யக்கூடாது என்பார். தூக்காமல், தடியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, பெரிதாக ஒரு எட்டு எழுத வேண்டும். மஸ்கி பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நிற்கும், லூர் வளைவில் திரும்புகிறபோதுதான் பாய்ந்து கடிக்கும். இதை அவர் என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லுவார்.

மஸ்கி மட்டுமில்லை. வாலாய் என்று ஒன்று இருக்கிறதாம். முதல் தடவை கேட்டபோது நான் வாளை மீன் என்று நினைத்தேன். அதற்குக் கண்ணாடி மாதிரிக் கண், மங்கல் வெளிச்சத்தில்தான் இரை தேடும், ஆகவே பொழுது சாய்கிற நேரம் போக வேண்டும், அடித்தரையைத் தொட்டுத் தொட்டு ஆறுதலாக இழுக்க வேண்டும். பைக் என்று இன்னொன்று. அதற்குப் பல் வாள் மாதிரி, நைலோன் நூலை நறுக்கிவிடும், நுனியில் ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும், கொக்கியைக் கழற்றக் கையை விடக்கூடாது, நீளக் குறடு வேண்டும். என் புருசன் பிரேம்நாத் இதைக் கேட்டுவிட்டு, "உம்மட கொண்ணர் பைக்குக்கு ஹெல்மெட் போடச் சொல்லேல்லையோ" என்று கேட்டார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவருடைய பகிடி எல்லாம் வாகனத்தில்தான் போய் முடியும்.

மீன்பிடி முதலில் என்னுடையது. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி லாப்பில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகன் றிஷி வேலை கிடைத்து மெல்பேணுக்குப் போனபிறகு வீடு ஓவென்று கிடந்தது. கூட வேலை செய்கிற பிலிப்பினோக்காரி ஒருத்தி ஒரு சனிக்கிழமை நெப்பியன் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கே ஒரு பாஸ் மீன் பிடித்தேன், முப்பத்தொரு சென்றிமீற்றர். படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். அண்ணா மட்டும் ஒன்றும் போடவில்லை. சரியாக இரண்டு கிழமை கழித்து, "சங்கரி, நானும் மீன் பிடிக்க வெளிக்கிட்டிட்டன்" என்று மெசேஜ் வந்தது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு அந்தக் குணம். நான் கெட்டித்தனமாக ஒன்று செய்தால் அதில் தான் ஒரு படி மேலே நிற்க வேண்டும். அவர் எண்பத்தொன்பதில் கனடாவுக்குப் போனவர், நான் தொண்ணூற்றைந்தில் இங்கே வந்தேன். அதற்குப் பிறகு நேரில் கண்டது மூன்றே மூன்று தடவை. டெலிபோனில், "சாப்பிட்டியோ, வேலை எப்பிடி, அங்க குளிரோ, சரி வைக்கட்டே" என்பதோடு சரி. அம்மா செத்தபிறகு அதுவும் மாதத்துக்கு ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இப்போது திடீரென்று ஒவ்வொரு ஞாயிறும் பாடம் எடுக்க வந்துவிட்டார். நாலு வருடம் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் பொறுமை போய்விட்டது. நெப்பியனில் ஆறு மணித்தியாலம் வெயிலில் நின்று ஒன்றும் கிடைக்காமல் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், டெலிபோன் அடிக்கிறது. அண்ணா. எடுத்த எடுப்பில், "எட்டுப் போட்டனியோ" என்றார். நான் பேசிவிட்டேன். எங்களூரில் பேசுவது என்றால் ஏசுவது.

"அண்ணா, எங்கட நாட்டில இல்லாத மீனைப் பற்றி எனக்கேன் பாடம் எடுக்கிறியள்? உங்களுக்கு அங்க வேற வேலை இல்லையே? முதல்ல நீங்கள் ஒரு மஸ்கி பிடிச்சுக் காட்டுங்கோ, பிறகு எனக்குச் சொல்லுங்கோ."

அவர் ஓம், ஓம் என்றார். பிறகு சரி வைக்கட்டே என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு ஒரு மெசேஜும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வென்றுவிட்ட மாதிரித்தான் இருந்தது.

எட்டாவது கிழமை, சனிக்கிழமை மத்தியானம், அண்ணி மனோரமா டெலிபோன் எடுத்தார். அண்ணா இரவு வேலைக்குப் போக வெளிக்கிட்டு, கதிரையில் இருந்து சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி.

போகலாம் என்று பாஸ்போட்டை எடுத்துப் பார்த்தால் அது முடிந்து ஏழு மாதம். அவசரப் பாஸ்போட் எடுத்து, கனடாவுக்கு அனுமதி எடுத்து, டிக்கெட் எடுத்துப் போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை கிரியை நடந்ததை டெலிபோனில் பார்த்தேன். படம் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. ஐயர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாவின் முகத்துக்குப் பவுடர் கொஞ்சம் அதிகம் போட்டிருந்தார்கள். அவரோடு நான் கடைசியாகக் கதைத்தது அவரைப் பேசினது. இனி அதை மாற்றவே முடியாது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. டெலிபோனைச் சுவரில் எறிந்திருப்பேன், பிரேம்நாத் வாங்கி வைத்துவிட்டார்.

அன்றைக்கே மனோரமா அண்ணியிடம் எட்டு எப்போது என்று கேட்டேன். எங்கள் ஆட்களிடம் செத்தவருக்கு எட்டாம் நாள் படையல் வைக்கிற வழக்கம். அதுவரைக்கும் செத்த வீட்டில் மரக்கறிதான். எட்டன்று அவருக்கு என்னென்ன விருப்பமோ அதையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைக்க வேண்டும். மீன் விருப்பமென்றால் மீன், குடிக்கிறவர் என்றால் ஒரு கிளாஸ். விருப்பமானதைச் சாப்பிட்டுவிட்டு மனக்குறை இல்லாமல் போகட்டும் என்பதற்காக. அண்ணி, இங்கே இப்போது யாரும் எட்டுச் செய்வதில்லை, ஐயரும் முப்பத்தோராம் நாளோடு சேர்த்துச் செய்வோம் என்கிறார் என்றார். அவருடைய குரலில் சத்தமே இல்லை. எட்டை நான் செய்வதென்று முடிவெடுத்தேன். அண்ணாவுக்கு ஒரு மீன் படைக்க வேண்டும். கடையில் வாங்கின மீன் இல்லை, அவர் சொல்லித்தந்த மாதிரி நானே பிடித்த மீன். என் வாயால் போனதைக் கையால் திருப்பிக் கொடுக்க வேறு வழி தெரியவில்லை.

பிரேம்நாத், துடக்கு வீட்டிலிருந்து, தீட்டோடு, யாராவது உயிர் கொல்லப் போவார்களா என்றார். நான் பார்த்த பார்வையில் அந்தக் கதையை விட்டுவிட்டார். பிறகு நாளில் பிடித்துக்கொண்டார். அண்ணா செத்தது கனடாவில் வெள்ளிக்கிழமை, ஆகவே எட்டாம் நாளும் வெள்ளிதான், நான் சனி என்று எண்ணுவது பிழை என்றார். எனக்குச் செய்தி வந்தது சனிக்கிழமை, என் வீட்டுக் கலண்டரில் நான் அழத் தொடங்கின நாளிலிருந்துதான் எண்ணுவேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, இங்கே சனிக்கிழமை பின்னேரம் படைத்தால் அங்கே இன்னும் வெள்ளி முடிந்திருக்காது, அல்லது முடிந்திருக்கும், இரண்டு கணக்குக்கும் சரிதான் என்று தானே சமாதானமாகிவிட்டார்.

வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு யாஸ் பக்கம் புறப்பட்டோம், பரின்ஜக் அணைக்கு. நெப்பியன் பாஸ் எனக்குப் போதாது. அண்ணா சொன்ன பெரிய மீன்களுக்கு இந்த நாட்டில் பக்கத்தில் வரக்கூடியது மறே கொட் ஒன்றுதான். பெரிய வாய், பச்சைப் புள்ளி, பாறைக்கும் விழுந்த மரத்துக்கும் கீழே தன்பாட்டில் கிடக்கிற மீன். ஆளே இல்லாத இடத்தில் முதலாளி மாதிரி இருக்கும். அதை நான் அதுவரை பிடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க உருப்படியாக ஒன்றுமில்லை. காலையில் இரண்டு காப் மீன் பட்டன. காப் இங்கே அழிக்க வேண்டிய மீன், சேற்று மணம், உடம்பெல்லாம் முள். பிரேம்நாத் இதையே படைக்கலாமே, மசாலா கூடப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றார். கொன்று பையில் கட்டிக் குப்பைக்குப் போட்டோம். மத்தியானம் ஒரு சின்ன மஞ்சள் வயிற்று மீன், இருபத்தாறு சென்றிமீற்றர். முப்பதுக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும், விட்டேன். பின்னேரம் கை தூக்க முடியாமல் வலித்தது. ஒரு மீனுக்காக என்னை நானே அடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தாலும் நிறுத்தத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் திரும்பவும் இறங்கினோம். பத்து மணிக்குப் புறப்பட்டால்தான் வீட்டுக்குப் போய்ச் சமைக்க நேரம் இருக்கும். தண்ணீர் ஓரத்தில் ஒரு தட்டையான பாறை, அதற்குப் பக்கத்தில் பட்டுப்போய் விழுந்த மரம். பிரேம்நாத் மடிக்கிற கதிரையைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார். நான் சாண் நீளத்துக்கு ஒரு பெரிய லூரைக் கட்டினேன். அண்ணா பெரிய மீனுக்குப் பெரிய இரை என்பார். கொக்கியை நகத்தில் உரசிப் பார்த்தேன். நகத்தில் வழுக்கினால் தீட்ட வேண்டும், பிடித்தால் சரி. அதுவும் அவர் சொன்னதுதான். எரிச்சலோடு கேட்டாலும் எல்லாம் மண்டையில் இருந்திருக்கிறது.

எட்டு மணி வரைக்கும் எறிந்தேன். ஒன்றும் அசையவில்லை. நாலு வருடத்தில் ஒரு நாள்கூட நான் எட்டுப் போட்டுப் பார்த்ததில்லை. வீம்புதான். அவர் சொன்னதைச் செய்து அதில் மீன் பட்டுவிட்டால் பிறகு ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவார் என்ற பயம். இப்போது சொல்லிக் காட்ட ஆளில்லை. லூர் காலடிக்கு வந்தது. தூக்கவில்லை. தடியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, முழங்கை நனையக் குனிந்து, பெரிதாக எட்டு எழுதினேன். பிரேம்நாத் கதிரையில் இருந்தபடி, லைசன்ஸ் எடுக்கப் போனவர்கள் மாதிரி இருக்கிறது என்றார். அடுத்த எறிக்கும் எழுதினேன். அதற்கடுத்ததுக்கும். எத்தனை எழுதினேன் என்று தெரியாது. ஒன்றின் இரண்டாவது வளைவில் தண்ணீர் அப்படியே வாயைத் திறந்தது.

தடி கையை விட்டுப் போகப் பார்த்தது. நான் பாறையில் முழங்காலில் விழுந்தேன். மீன் மரத்துக்குள் போகப் பார்த்தது, விட்டால் நூல் கிளையில் சுற்றி அறுந்துவிடும். தடியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பிரேம்நாத்தைக் கூப்பிட்டேன். மனுசன் தேத்தண்ணியைத் தன் காலில் ஊற்றிக்கொண்டு வலையோடு ஓடி வந்தார். பத்து நிமிடம் இருக்கும், அல்லது மூன்று நிமிடமாகவும் இருக்கலாம். தலைப்பக்கமாக வலைக்குள் எடுங்கோ, வால்பக்கமாக எடுத்தால் பாய்ந்துவிடும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அண்ணா மூன்று நிமிடம் நாற்பது செக்கன் சொன்னதை ஒரே மூச்சில். எடுத்துவிட்டார்.

அப்படி ஒரு மீனை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. தலை என் தலையை விடப் பெரிது. அளவுப் பாயை நனைத்து விரித்து அதில் கிடத்தினோம். தொண்ணூற்று நாலு சென்றிமீற்றர்.

நான் அளவை இரண்டாம் தரமும் பார்த்தேன். சந்தோசத்தில் என்று பிரேம்நாத் நினைத்தார். இல்லை. மறே கொட்டுக்கு இங்கே இரண்டு கோடு. ஐம்பத்தைந்துக்குக் குறைந்தாலும் எடுக்கக்கூடாது, எழுபத்தைந்துக்குக் கூடினாலும் எடுக்கக்கூடாது. சின்ன மீனை விடச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். பெரிய மீனைப் பிடித்தால் குற்றம் என்பது எங்களுக்கு எந்தக் காலத்திலும் விளங்கப்போவதில்லை. பெரியதுதான் முட்டை போடுகிற மீன், அதைக் கொன்றால் ஆறே வெறுமையாகிவிடும் என்பது இவர்களுடைய நியாயம். நியாயம் சரிதான். ஆனால் இந்த மீனைப் பார்த்து அதைச் சொல்லிப் பாருங்கள்.

பிரேம்நாத் சுற்றிலும் பார்த்தார். அந்தக் கரையில் ஒரு குருவிகூட இல்லை. காரில் பெரிய ஐஸ் பெட்டி இருந்தது.

"சங்கரி, ஆர் பாக்கப்போறது? உம்மட கொண்ணருக்குத்தானே. கொண்டு போவம்" என்றார்.

இரண்டு நாளாக என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்த மனுசன் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இதை விட்டால் எனக்கு இன்னொன்று கிடைக்காது, நேரமும் இல்லை. அண்ணாவின் இலை வெறுமையாகக் கிடக்கும். நான் அவரைப் பேசினது பேசினதாகவே இருக்கும். எடுத்துக்கொண்டு போவோம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மீனைத் துண்டு போட்டு, குழம்பு வைத்து, இலையில் வைத்துவிட்டு, அண்ணா சாப்பிடுங்கோ, இது களவாக எடுத்தது என்றா சொல்வேன்? செத்தவருக்கு வைக்கிற இலையில் களவு மீன் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அண்ணா மேல், சட்டத்தின் மேல், அந்த மீனின் மேல்.

இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் வைத்தேன். தூக்கி எறியக்கூடாது, களைத்த மீன் மூச்சு எடுக்கும் வரைக்கும் வாலடியைப் பிடித்து நேராக வைத்திருக்க வேண்டும், அது தானாகத் திமிறும்போது விட வேண்டும். பிடித்திருந்தேன். செவுள் மெதுவாகத் திறந்து மூடிற்று. பிறகு ஒரு திமிறு, அவ்வளவுதான். போய்விட்டது. பிரேம்நாத் படம் எடுத்திருக்கலாமே என்றார். இரண்டு பேருக்கும் அது நினைவே வரவில்லை.

மேலே கார் நிறுத்துகிற இடத்தில்தான் டெலிபோன் வேலை செய்யும். அங்கே நின்று மனோரமா அண்ணிக்கு எடுத்தேன். அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம். மீன் இல்லை என்று ஆகிவிட்டது, அண்ணாவுக்கு வேறு என்ன விருப்பம் என்று கேட்கத்தான் எடுத்தேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. கூடப் பிறந்தவளுக்கு அது தெரியவில்லை. பத்தொன்பது வயது வரைக்கும் என்ன சாப்பிட்டார் என்று தெரியும், பிறகு தெரியாது. எட்டு நான் செய்கிறேன், அதற்காக மீன் பிடிக்க வந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, அண்ணா மீன் சாப்பிடுவதில்லை என்றார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் முள் சிக்கி ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு தொடவே இல்லையாம். தகரத்தில் அடைத்த ரின் மீன் மட்டும் சாப்பிடுவாராம், அதில் முள் கரைந்திருக்கும் என்பதால். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிரட்டி, பேக்கரிப் பாணோடு.

நான் சிரித்துவிட்டேன். பிடிக்கிற மீனை என்ன செய்வார் என்று கேட்டேன்.

"அவர் எங்க மீன் பிடிச்சவர்?" என்றார் அண்ணி. "தடி ஒண்டு வாங்கினவர். ரெண்டு தரம் போனவர், ஏலாது, குளிர் எண்டு வந்திட்டார். அது கராஜில கிடக்கு."

அப்படியென்றால் அந்த மெசேஜ் எல்லாம் என்ன என்று கேட்டேன்.

"கொம்பியூட்டரில வாசிக்கிறவர். வெள்ளி, சனி ரெண்டு நாளும் இருந்து வாசிச்சு ஒரு கொப்பியில எழுதுவார். ஞாயித்துக்கிழமை அதைப் பாத்து உமக்குச் சொல்லுவார். ஏன் இந்தக் கஸ்ரம் எண்டு நான் கேட்டனான். அவளோட கதைக்க எனக்கு வேற என்ன இருக்கு எண்டு சொன்னவர்."

காரின் பொனட்டில் சாய்ந்துகொண்டேன். அண்ணி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார், அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. தை மாதம் நான் பேசினது அண்ணிக்கும் தெரியும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு இருந்தாராம். அண்ணா கோபிக்கவில்லை. அவள் சொல்வது சரிதானே, அங்கே இல்லாத மீனைப் பற்றி அவளுக்கு ஏன் என்றாராம். அடுத்த வெள்ளிக்கிழமையே ஒஸ்ரேலிய மீன்களை வாசிக்கத் தொடங்கிவிட்டாராம்.

"ஏழு கிழமையும் எழுதினவர் சங்கரி. அனுப்பத்தான் பயம், நீர் கோவிப்பீர் எண்டு. கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில மறே கொட் எண்டு மூண்டு தரம் எழுதி வெட்டிக் கிடக்கு. எழுத்துக் கூட்டத் தெரியேல்லை போல."

வீட்டுக்கு வர மூன்றரை மணித்தியாலம். வழியில் பிரேம்நாத் ஒரு பகிடியும் விடவில்லை. வெண்ட்வேர்த்வில்லில் கடைக்கு முன்னால் நிறுத்தி, நான் கேட்காமலே அவர் இறங்கிப்போய் இரண்டு மீன் ரின்னும் ஒரு இறாத்தல் பாணும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன். வெங்காயத்தைச் சாட்டி நன்றாக அழுதேன். பிரட்டி இறக்கி, பாணை வெட்டி, இலை போட்டு, அண்ணாவின் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினேன்.

அந்த நேரத்தில் ஏதாவது சொல்லி அழுவார்கள். ஒப்பாரி எனக்கு வராது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அதுவும் வரவில்லை. நான் கதைக்காமல் இருந்தால் அவரும் கதைக்காமல் இருப்பார் என்று பட்டது. பிறகு நான் கதைக்கத் தொடங்கினேன். பட்ட மரம் எந்தப் பக்கம் கிடந்தது, லூர் எவ்வளவு பெரிது, எந்த வளைவில் கடித்தது, தலைப்பக்கமாக எடுத்தோம், தொண்ணூற்று நாலு சென்றிமீற்றர் அண்ணா என்று முதலிலிருந்து கடைசிவரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பிரேம்நாத் பக்கத்தில் கைகட்டி நின்றார். கறி ஆறிக்கொண்டிருந்தது. சொல்லி முடிந்ததும் இன்னொருமுறை சொன்னேன், அவரோடு கதைக்க எனக்கும் வேறு ஒன்றும் இருக்கவில்லை.